பசுமைக்குடிலில் காய்கறி: நீலகிரியில் கட்டுப்படியாகுமா?

நீலகிரி மாவட்டத்தில் பசுமைக்குடில் அமைத்துக் காய்கறி பயிரிட விரும்பும் விவசாயிகள் முதலில் கேட்பது, "மானியம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். அடுத்துக் கேட்பது, "எவ்வளவு விளையும்?" என்பது. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் குடில் குடும்பத்தைக் காப்பாற்றுமா, கடனில் கொண்டுபோய் விடுமா என்பதை முடிவு செய்வது மூன்றாவது கேள்வி ஒன்று. "ஒரு கிலோ காய்க்கு என்ன விலை கிடைத்தால் எனக்குக் கட்டுப்படியாகும்?" என்பதே அது. இந்தக் கேள்விக்கு ரூபாய்க் கணக்கில் விடை தெரிந்த பிறகே நிலப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

பச்சைத் தேயிலை விலை 1990-களின் இறுதியில் சரிந்த பிறகு, மாற்றுப் பயிர் தேடிய சிறு விவசாயிகள் பலர் குடில்களின் பக்கம் திரும்பினார்கள். கோத்தகிரி, குன்னூர், உதகை வட்டாரங்களில் கார்னேஷன் மலர்க் குடில்கள் பெருகின. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது திருமணங்களும் விழாக்களும் நின்றதால், பறித்த மலர்களை வாங்க ஆளின்றிக் கொட்ட நேர்ந்தது. பயிர் நன்றாகவே இருந்தது; குடிலும் நன்றாகவே இருந்தது. விற்பனை ஒன்றுதான் இல்லை. காய்கறிக்காகக் குடில் போட நினைப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய பாடம் இது.

குளிருக்குப் போர்வையா, மழைக்குக் குடையா?

அமெரிக்காவில் கென்டகி பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் எமர்ட் என்பவர், கண்ணாடிக் குடில் அமைக்கும் செலவு கட்டுப்படியாகாததால், 1948-ஆம் ஆண்டில் மரச்சட்டத்தின் மீது பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் குடில் அமைத்தார். இன்று உலகெங்கும் காணும் பாலித்தீன் குடில்களுக்கு அதுவே முன்னோடி. குளிர் நாடுகளில், ஆள் நின்று வேலை செய்யும் உயரமுள்ள வளைவுக் குடில்கள் குளிரிலிருந்து பயிரைக் காத்து, பருவத்தைச் சில வாரங்கள் நீட்டித் தருகின்றன. அங்கு அது போர்வை. நமது சமவெளியில் வெயிலைத் தணிக்க நிழல்வலைக் குடில் தேவைப்படுகிறது. அங்கு அது பந்தல்.

நீலகிரியில் இவ்விரண்டையும்விட மழைதான் பெரிய தொல்லை. ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழைகளும், இடையிடையே மூடுபனியும் இருப்பதால் இலைகள் ஈரம் காயாமல் நிற்கின்றன. தக்காளியில் பின் கருகல், குடைமிளகாயில் காயழுகல், லெட்டூஸில் அடியழுகல் ஆகியவை இந்த ஈரத்தால்தான் பரவுகின்றன. எனவே இங்கு குடிலின் முதல் வேலை குடையாக இருப்பது. இதை உணர்ந்தால் செலவில் பாதியைத் தவிர்க்க வழி பிறக்கும். குடை போதுமான பயிருக்குப் பக்கச்சுவர்களும் உயர்ந்த கோபுரமும் கொண்ட பெரிய குடில் தேவையில்லை.

பலர் நினைப்பதுபோல் சாதாரணப் பாலித்தீன் குடில் இரவுக் குளிரை அதிகம் தடுப்பதில்லை. பகலில் உள்ளே வெப்பம் சேரும். ஆனால் மேகமற்ற, காற்றில்லாத பனிக்கால இரவுகளில் மண்ணின் வெப்பம் தாளை ஊடுருவி வெளியேறி விடுகிறது. சில இரவுகளில் குடிலின் உள்ளே வெளியைவிடச் சற்றுக் குளிராகவே இருப்பதுண்டு. இரவில் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் விரும்பும் குடைமிளகாய், டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையின் உயரமான பகுதிகளில் காய்ப்பிடிப்பை இழக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையைவிட, 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரும், கோத்தகிரியின் கீழ்ச் சரிவுகளும் இப்பயிருக்கு ஏற்றவை. உதகைப் பகுதியில் லெட்டூஸ், புரோக்கோலி, சைனா கோஸ், செலரி போன்ற குளிர் தாங்கும் காய்கறிகளே பொருந்தும்.

செலவில் மூன்று படிகள்

குடில் என்றவுடன் இரும்புக் குழாய்க் கட்டுமானம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பாதுகாப்புச் சாகுபடியில் மூன்று படிகள் உண்டு. முதல் படி, பாத்தியின் மேல் கம்பியை வில்லாக வளைத்துப் பாலித்தீன் போர்த்தும் முழங்கால் உயரக் குடில். இரண்டாவது, ஆள் நடமாடும் உயரமுள்ள வளைவுக் குடில். மூன்றாவது, இயற்கைக் காற்றோட்ட வசதியுள்ள குழாய்க் கட்டுமானப் பசுமைக்குடில்.

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், மானியம் கணக்கிடுவதற்காக முதல் வகைக்கு மலைப்பகுதியில் சதுர மீட்டருக்கு ரூ.75 என்றும், இரண்டாம் வகைக்கு ரூ.600 என்றும் செலவு வரம்பு வகுத்திருந்தார்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் 1,008 சதுர மீட்டர் வரையிலான மூன்றாம் வகைக் குடிலுக்கு ரூ.935. மலைப்பகுதிக்கு 15 சதவீதம் கூடுதல் என்பதால் அது ரூ.1,075 ஆகிறது. இதில் 50 சதவீதம் மானியம். அதன்பின் விதிமுறைகள் திருத்தப்பட்டுள்ளன, விலைவாசியும் ஏறியுள்ளது. எனவே விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுக. எனினும் அந்த 2014 வரம்பில் மூன்று படிகளுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் படிக்கு ஆகும் செலவு முதல் படியைப்போல் பதினான்கு மடங்கு.

குடிலுக்கு ஆண்டு வாடகை

சொந்தக் குடிலுக்கும் வாடகை உண்டு. அதைக் காலம் வசூலிக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட் பரப்பில் மூன்றாம் வகைக் குடில் என்று கொள்வோம். கீழ்வரும் தொகைகள் கணக்குப் போடும் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரில் கிடைக்கும் விலைப்பட்டியலை இவற்றுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்க.

இரும்புக் கட்டுமானம் ரூ.10 லட்சம், பாலித்தீன் தாளும் பொருத்துக் கூலியும் ரூ.1 லட்சம், சொட்டுநீர்க் கருவி, நீர்த்தொட்டி முதலியவை ரூ.1.5 லட்சம், மொத்தம் ரூ.12.5 லட்சம் முதலீடு. ஆண்டுச் செலவு வருமாறு:

கட்டுமானத் தேய்மானம், 15 ஆண்டு ஆயுள்: ரூ.67,000
பாலித்தீன் தாள், 3 ஆண்டுக்கு ஒரு முறை: ரூ.33,000
சொட்டுநீர், தொட்டித் தேய்மானம்: ரூ.20,000
சராசரி முதலீட்டின் மீது 10 சதவீத வட்டி: ரூ.62,500
பழுது பார்த்தல்: ரூ.25,000
மொத்தம்: ரூ.2,07,500

அதாவது ஒரு செடிகூட நடாமல் குடில் சும்மா நின்றாலும், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ரூ.207 செலவாகிறது. ரூ.5.5 லட்சம் மானியம் கிடைத்தால் கட்டுமானத் தேய்மானம் ரூ.30,000 ஆகவும், வட்டி ரூ.35,000 ஆகவும் குறையும். அப்போது ஆண்டுச் செலவு ரூ.1,43,000. தாள் மாற்றும் செலவு குறையாது. அடுத்த தாளை நாம்தான் வாங்க வேண்டும்.

தாள் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு சிறு கணக்கு. 200 மைக்ரான் கனமுள்ள தாள் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5.4 சதுர மீட்டர்தான் வரும். கிலோவுக்கு 7 சதுர மீட்டர் வந்தால் தாளின் கனம் குறைவு என்று பொருள். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்த தாளா என்பதையும் ரசீதில் எழுதி வாங்குக.

எந்தப் பயிர் இந்த வாடகையைத் தாங்கும்?

கேரட்டை எடுத்துக்கொள்வோம். வெளியில் எக்டருக்கு 25 முதல் 30 டன், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு போகத்தில் 3 கிலோ வரை விளைகிறது. குடிலில் ஆண்டுக்கு மூன்று போகம் எடுத்து 9 கிலோ கண்டாலும், கிலோ ரூ.25 வீதம் மொத்த வரவே ரூ.225 தான். மானியமில்லாத குடிலின் வாடகைக்கே அது சரியாகப் போய்விடும். விதை, உரம், கூலி யார் தருவது? கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவை நமது மலையில் வெளியில் நன்கு விளைபவை. மேட்டுப்பாளையம் மண்டியில் குடிலில் விளைந்த கேரட்டுக்கு என்று தனி விலை கிடையாது. எனவே இவற்றைக் குடிலுக்குள் கொண்டுவர வேண்டாம்.

குடிலுக்குரிய பயிர் என்றால், சதுர மீட்டருக்கு அதிக எடை தர வேண்டும். அல்லது குறுகிய நாளில் பலமுறை அறுவடையாக வேண்டும். வெளியில் மழைக்காலத்தில் விளைவிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். வண்ணக் குடைமிளகாய், செர்ரி தக்காளி, மழைக்கால லெட்டூஸ், குழித்தட்டு நாற்றுகள் ஆகியவை இத்தகையவை.

குடைமிளகாய்க் கணக்கு

நன்கு பராமரித்தால் குடிலில் வண்ணக் குடைமிளகாய் சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ வரை தரும். புதிதாகத் தொடங்குபவர் 7 கிலோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. நட்டதிலிருந்து 9, 10 மாதம் பயிர் நிற்கும். 1,000 சதுர மீட்டருக்குச் சாகுபடிச் செலவு வருமாறு:

நாற்று 2,500, ஒன்று ரூ.12 வீதம்: ரூ.30,000
பாத்தி அமைத்தல், தொழு உரம், சுண்ணாம்பு: ரூ.35,000
நீரில் கரையும் உரங்கள்: ரூ.40,000
பயிர் பாதுகாப்பு: ரூ.20,000
நிலப்போர்வை, கொடி கட்டும் கயிறு: ரூ.10,000
மின்சாரம், பிற செலவு: ரூ.8,000
ஆள் கூலி, 400 நாள், ரூ.500 வீதம்: ரூ.2,00,000
தரம் பிரித்தல், அட்டைப்பெட்டி, வண்டி வாடகை, 7,000 கிலோவுக்கு ரூ.6 வீதம்: ரூ.42,000
மொத்தம்: ரூ.3,85,000

இதனுடன் குடிலின் ஆண்டுச் செலவைச் சேர்த்து 7,000 கிலோவால் வகுத்தால், மானியம் பெற்றவருக்குக் கிலோவுக்கு ரூ.75-உம், மானியம் பெறாதவருக்கு ரூ.85-உம் அடக்க விலையாகிறது. மானியம் குறைத்துக் கொடுத்தது கிலோவுக்குச் சுமார் 9 ரூபாய்தான் என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும்.

விளைச்சல் மாறினால் என்ன ஆகிறது? மானியம் பெற்றவருக்கே 1,000 சதுர மீட்டரில் 5 டன் மட்டும் விளைந்தால் அடக்க விலை ரூ.103 ஆக ஏறுகிறது. 9 டன் விளைந்தால் ரூ.60 ஆக இறங்குகிறது. இருவருக்கும் குடில் ஒன்றே, மானியமும் ஒன்றே. பராமரிப்பு மட்டும்தான் வேறு. ஆனால் வேறுபாடு கிலோவுக்கு 43 ரூபாய். செடிகளை இரு கிளைகளாகக் கவாத்து செய்து கயிற்றில் ஏற்றுவது, இலைப்பேனை முதல் வாரத்திலேயே கண்டுபிடிப்பது, காலையில் பக்கத்திரைகளை நேரத்துக்கு உயர்த்துவது ஆகிய அன்றாட வேலைகளே அந்த 43 ரூபாய். குடிலை வாரக் கடைசியில் வந்து பார்க்கும் தொழிலாக நினைப்பவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நலம்.

அடுத்து, எல்லாக் காயும் முதல் தரமாக இருக்காது. நான்கில் ஒரு பங்கு இரண்டாம் தரமாகி அரை விலைக்குப் போகிறது என்று கொள்வோம். முதல் தரம் கிலோ ரூ.90 விற்றால் சராசரி விலை ரூ.78.75. மானியம் பெற்றவருக்கு 7 டன் விளைச்சலில் ஆண்டு லாபம் ரூ.23,250. முதல் தரத்தின் விலை பத்து ரூபாய் குறைந்து ரூ.80 ஆனால் சராசரி ரூ.70 ஆகிறது, அப்போது ரூ.38,000 நட்டம். பத்து ரூபாய் ஏற்ற இறக்கம் குடைமிளகாய்ச் சந்தையில் ஒரே வாரத்தில் நடப்பது. ஆகவே சராசரி விலை அடக்க விலையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாயாவது கூடுதலாகக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் 25 சென்ட் குடில் போட வேண்டாம்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 400 ஆள் நாளில் 250 நாள் வீட்டாரே உழைத்தால் ரூ.1,25,000 கூலியாக வீட்டிலேயே தங்கும். குடும்பமே வேலை செய்யும் சிறு குடில் தாக்குப்பிடிப்பதற்கும், கூலியாளை மட்டும் நம்பிய குடில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். ஆனால் அந்தத் தொகை உங்கள் உழைப்புக்குரிய கூலி. அதை லாபம் என்று கணக்கில் எழுதினால், குடில் எப்போது நட்டத்தில் நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

கடன் தவணையும் கைப்பணமும்

லாபக் கணக்கு வேறு, கைப்பணக் கணக்கு வேறு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மானியம் போக ரூ.7 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு, 7 ஆண்டுத் தவணையில் கடன் வாங்கினால், முதலாண்டு அசல் ரூ.1 லட்சமும் வட்டி ரூ.70,000-உம் கட்ட வேண்டும். சாகுபடிச் செலவு ரூ.3,85,000, பழுது ரூ.25,000 ஆகியவற்றையும் சேர்த்து ரூ.5,80,000 கையிலிருந்து போகும். சராசரியாகக் கிலோ ரூ.75 விற்றால் வரவு ரூ.5,25,000 தான். அதாவது அடக்க விலை முழுவதும் கிடைத்த ஆண்டிலும் ரூ.55,000 துண்டு விழுகிறது. குடிலின் ஆயுளை 15 ஆண்டு என்று கணக்கிட்டோம். வங்கியோ 7 ஆண்டில் பணத்தைக் கேட்கிறது. இதனால்தான் துண்டு விழுகிறது.

மானியம் பல திட்டங்களில் பின்னேற்பு முறையில், அதாவது குடில் கட்டி முடித்து அதிகாரிகள் ஆய்வு செய்த பிறகே கணக்கில் சேரும். அது ஓராண்டு தாமதமானால் ரூ.5.5 லட்சத்துக்கான வட்டி மட்டும் ரூ.55,000. இந்த இடைவெளியைத் தாங்கும் வழி தேயிலையிலோ, வேறு வருமானத்திலோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. தேயிலைச் செடிகளை முழுவதும் பிடுங்கிவிட்டுக் குடிலை மட்டுமே நம்புவது கூடாது. பச்சைத் தேயிலைப் பணம் சிறிதானாலும், குடிலின் முதல் காய் வரும்வரை அடுப்பெரிவது அதனால்தான்.

இடமும் காற்றும்

மலையை வெட்டிச் சமன் செய்து குடில் போடுவது செலவு மட்டுமன்று, ஆபத்தும் கூட. நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரங்களைப் பயன்படுத்தக் கட்டுப்பாடுகள் உள்ளன. உரிய அனுமதி இல்லாமல் சரிவில் கை வைக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. குடிலின் கூரையில் விழும் நீர் மண்ணில் ஊறுவதில்லை. ஒரே இடத்தில் கொட்டுகிறது. அதை வாய்க்கால் மூலம் தொட்டிக்கோ ஓடைக்கோ நடத்தாவிட்டால் கீழ்ப்படிக்கட்டு நிலம் சரியும். அது பெரும்பாலும் அண்டை வீட்டுக்காரரின் நிலமாக இருக்கும்.

பள்ளத்தின் அடிப்பகுதியில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் உறைபனி முதலில் அங்குதான் விழும். மேட்டின் உச்சியில் தென்மேற்குப் பருவக்காற்று தாளைக் கிழிக்கும். நடுச்சரிவில், காற்றுத் தடுப்பு மரங்களுக்குச் சற்றுத் தள்ளி, நிழல் விழாத இடமே சிறந்தது. காட்டெருமை, காட்டுப்பன்றி நடமாட்டமுள்ள பகுதியில் வேலிச் செலவையும் முதலீட்டில் சேர்க்க வேண்டும்.

கூரை நீரால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. 1,000 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் பெய்தால் 10 லட்சம் லிட்டர். குடைமிளகாய்க்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 2 முதல் 3 லிட்டர் போதும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி நிரம்பினால், மழையில்லாத 33 முதல் 50 நாள் வரை பயிரைக் காக்கலாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லாரியில் நீர் வாங்கும் செலவு இதனால் மிச்சமாகும்.

மண்ணின் நலம்

நீலகிரி மண் புளிப்புத் தன்மை மிக்கது. குடில் எழுப்புமுன் மண் பரிசோதனை செய்து, பரிந்துரைக்கும் அளவு சுண்ணாம்போ டோலமைட்டோ இட வேண்டும். குடிலுக்குள் மழை விழாததால் உரங்களின் உப்பு கரைந்து வெளியேறாமல் மேல்மண்ணில் படியும். ஆண்டுக்கு ஒருமுறை, பயிர் முடிந்தபின் நல்ல நீரை நிறையப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் வேர்முடிச்சு நூற்புழுவும், வாடல் நோயும் பெருகும். உருளைக்கிழங்கு விளைந்த பழைய நிலத்தில் குடில் அமைப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு தக்காளியையும் கத்தரியையும் தாக்கும்; குடைமிளகாயைத் தாக்காது. அத்தகைய நிலத்தில் செர்ரி தக்காளியைவிடக் குடைமிளகாயும் லெட்டூஸும் பாதுகாப்பானவை. நடவுக்கு முன் மட்கிய தொழு உரத்துடன் டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் கலந்து இடுவது அழுகலையும் வாடலையும் குறைக்கும்.

கிழிந்த பாலித்தீனைத் தோட்டத்தில் எரிப்பதும், ஓடையில் விடுவதும், மண்ணில் புதைப்பதும் கூடாது. பழைய தாளை மடித்து வைத்து, மறுசுழற்சிக்கு வாங்குபவரிடம் எடைக்குப் போடுக.

சிறு குடிலிலிருந்து தொடங்குக

பெரும்பாலான சிறு விவசாயிகளுக்குப் பொருத்தமான தொடக்கம் நாற்றங்கால் குடில். 98 குழிகள் கொண்ட தட்டுகளை, நடைபாதை விட்டு அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 நாற்றுகள் வளர்க்கலாம். 70 சதுர மீட்டரில் 21,000 நாற்று. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் ஓர் ஏக்கர் காலிஃபிளவர் நட 20,000 நாற்று போதும். இரண்டாம் வகை வளைவுக் குடிலுக்கு 2014 வரம்பின்படி கணக்கிட்டால் ரூ.42,000 தான் ஆகிறது. சீகை அல்லது கற்பூர மரக் கழிகளைக் கொண்டு உள்ளூரிலேயே அமைத்தால் செலவு மேலும் குறையும். கழிகளின் அடிப்பாகத்துக்குத் தார் பூசினால் கறையானும் அழுகலும் தாமதமாகும். மழையில் நாற்றுச் சாவது நிற்கும். ஒரே மாதிரி நாற்று கிடைக்கும். மிகுந்ததை அக்கம்பக்கத்தாருக்கு விற்கலாம். பரப்பு சிறிதானதால் நட்டமும் சிறிதாகவே இருக்கும், கற்றுக்கொள்வது அதிகம்.

இரண்டாம் ஆண்டில் 100 முதல் 200 சதுர மீட்டரில் பக்கம் திறந்த மழைக்குடில் அமைத்து, லெட்டூஸோ குடைமிளகாயோ வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு அறுவடைக்கும் எடை, தரம், விற்ற விலை, ஆள் நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருக. ஓராண்டுக் குறிப்பு கையிலிருந்தால், பெரிய குடில் வேண்டுமா வேண்டாமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

விற்பனையைத் தனியாக நின்று சமாளிப்பது கடினம். வாரம் 150 கிலோ குடைமிளகாய் வைத்திருப்பவரை மொத்த வியாபாரி தேடி வரமாட்டார். பத்துப் பேர் சேர்ந்து, நடவை மூன்று வாரம் முன்பின்னாக அமைத்து, தரம் பிரித்து, ஒரே வண்டியில் அனுப்பினால் கோவை, சென்னை, பெங்களூரு, கொச்சி வியாபாரிகளிடம் பேரம் பேச முடியும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டு முதல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டரில் நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டத்தில் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்ததும் இதற்காகவே. இரண்டாம் தரக் காய்களுக்கு உழவர் சந்தை உள்ளது.

கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை

குடில் அமைக்கும் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் குழாயின் கனம், துத்தநாகப் பூச்சு, தாளின் மைக்ரான், அஸ்திவார ஆழம், உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் பகுதியிலேயே அவர்கள் அமைத்து இரண்டு மழைக்காலம் கண்ட குடில் ஒன்றை நேரில் சென்று பாருங்கள். அதன் சொந்தக்காரரிடம் விளைச்சலை மட்டும் கேட்காமல், சென்ற ஆண்டின் மிகக் குறைந்த விலை என்ன, அப்போது எத்தனை வாரம் நீடித்தது என்று கேளுங்கள். வாங்குபவர் ஒருவரையாவது நடவுக்கு முன்பே பேசி வையுங்கள். பயிர் யோசனைக்கு உதகை விஜயநகரத்திலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தையும், குன்னூரிலுள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

பசுமைக்குடில் நல்ல கருவிதான். மழைக்காலத்தில் வெளியில் அழுகும் பயிரை அது காப்பாற்றும். கால் ஏக்கரில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும். ஆனால் அது மாதந்தோறும் தீனி கேட்கும் கறவை மாடு போன்றது. பால் கறந்தாலும் கறக்காவிட்டாலும் தீனி போட்டே ஆக வேண்டும். மாட்டை வாங்குமுன் பாலுக்கு வாடிக்கை பிடிப்பவர்தான் கெட்டிக்காரர். எனவே இந்த வாரமே ஒரு தாளை எடுத்து, உங்கள் ஊர் விலைகளைப் போட்டு, ஒரு கிலோவின் அடக்க விலையைக் கண்டுபிடியுங்கள். அந்த விலைக்கு மேல் வாங்குபவர் இருக்கிறார் என்று தெரிந்தால் துணிந்து இறங்கலாம். இல்லையென்றால் 70 சதுர மீட்டர் நாற்றங்காலோடு இவ்வாண்டு நிறுத்திக்கொள்ளலாம். நிலப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.